மங்கோலியாவில் புறப்படும் காற்று மெர்சிங்கில் மழையாகிறது

மாசி பிறந்துவிட்டது. ரப்பர் இன்னும் மிஞ்சியிருக்கும் தோட்டங்களில் இலை கொட்டத் தொடங்கியிருக்கும். விடியற்காலையில் வெட்டுக்குப் போகிறவர்களின் காலடியில் சருகு நொறுங்கும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு லாரி போனால் போதும், தூசி எழும்பி லயத்து வாசலில் காயும் துணிமேல் படியும். இதே சாலையில் இரண்டு மாதங்களுக்கு முன்பு மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, முன்னால் ஓடும் தண்ணீரின் ஆழம் தெரியாமல் நின்றோமே, நினைவிருக்கிறதா?

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "கடலிலிருந்து" என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். பாதி சரியான விடை. கடல் தண்ணீரைக் கொடுத்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்த காற்றோ, நம் ஊரிலிருந்து சுமார் 5,000 கிலோமீட்டருக்கு அப்பால், மரமே இல்லாத ஒரு புல்வெளியில் புறப்பட்டது. நம் சம்பளத்தையும் பயணத்தையும் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் ஆட்டிவைக்கும் அந்தக் காற்றின் கதையைக் கேளுங்கள். கேட்டு வைத்தால் பஸ் டிக்கெட் வாங்கும் முன்பு பயன்படும்.

பள்ளிக்கூடத்து ஆசியப் படம் வீட்டில் இருந்தால் எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். சீனாவுக்கு வடக்கே மங்கோலியா. அதற்கும் வடக்கே ரஷ்யாவின் சைபீரியா. இந்தப் பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல் மட்டுமே வளரும் நிலத்துக்கு ஸ்டெப்பி என்று பெயர். காடு வளர மழை போதாது; முழுப் பாலைவனம் ஆகிவிடவும் இல்லை. தெற்கே போகப் போகப் புல்லும் குறைந்து கோபிப் பாலைவனம் ஆகிவிடும். மேற்கே அல்தாய் மலைகள். தென்மேற்கே திபெத்திய மேட்டுநிலமும் இமயமும் சுவர்போல நிற்கின்றன.

குளிர்காலத்தில் அங்கே இரவு நீளம், பகல் குட்டை. வெண்பனி மூடிய தரை, விழுகிற கொஞ்ச வெயிலையும் திருப்பி அனுப்பிவிடும். மங்கோலியாவின் தலைநகரான உலான்பாத்தாரில் ஜனவரி இரவுகளில் சுழியத்துக்குக் கீழே 30 பாகைவரை இறங்குவது சாதாரணம். குளிர்ந்த காற்று கனமானது. அது அந்த நிலத்தின்மேல் குளம்போலத் தேங்கி நிற்கும். வானிலை அறிஞர்கள் இதைச் சைபீரிய உயர் அழுத்தம் என்று சொல்வார்கள். குளம் நிறைந்தால் உடைப்பெடுக்க வேண்டும் அல்லவா? தெற்கே இந்தியாவுக்குள் நேராக இறங்க இமயமலை விடாது. ஆகவே கிழக்கும் தெற்குமாகத் திரும்பிச் சீனாவின் வழியாகப் பாய்கிறது. ஹாங்காங் மக்கள் கம்பளிச் சட்டையைத் தேடும் நாள் அதுதான். அதற்குப் பிறகு ஓரிரு நாளில் அந்தக் காற்று தென்சீனக் கடலுக்கு மேல் வந்துவிடும்.

இங்கேதான் விஷயம் மாறுகிறது. புறப்பட்டபோது அது வறண்ட காற்று. துணியை ஒரு நாழிகையில் காயவைத்துவிடும். வெதுவெதுப்பான கடலின்மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும்போது ஈரத்தைக் குடித்துக்கொண்டே வருகிறது. நம் கிழக்குக் கரையில் மோதி மேலே எழும்பும்போது குடித்ததை எல்லாம் கொட்டிவிடுகிறது. நவம்பரிலும் டிசம்பரிலும் கிளந்தான், திரெங்கானு. அந்த மழைப்பட்டை மெல்லத் தெற்கே நகர்ந்து டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் நம் ஜொகூருக்கு வரும். சில ஜனவரி நாட்களில் சூரியனையே காணாமல், வெப்பநிலை 22 பாகைக்கு இறங்கி, லயத்துப் பாட்டிமார் பெட்டிக்கு அடியில் கிடக்கும் சுவெட்டரைத் தேடுவார்களே, அது மங்கோலியக் காற்றின் மிச்சம். 2018 ஜனவரியில் அப்படிச் சில நாட்கள் வந்தன. சிங்கப்பூரில் 21 பாகையளவுக்கு இறங்கியது.

நம் தாத்தா பாட்டிமார் மாதப் பெயர்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள்; அந்த மாதங்களுக்குரிய வானிலை அவர்களோடு வரவில்லை. தைப்பனி தரையையும் மாசிப்பனி மச்சையும் துளைக்கும் என்பது தமிழ்நாட்டுப் பேச்சு. நமக்கோ தையில் பனி எங்கே? மழைதான். இதே வடகிழக்குக் காற்றுதான் ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டுக்கு மழை தந்து, தை பிறப்பதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. ஆகையால் பஞ்சாங்கம் பார்த்துத் திருமணத்துக்கு நாள் குறிக்கலாம். அந்தத் திருமணத்துக்கு வேன் பிடிப்பதற்கு வேறு ஒன்றையும் பார்க்க வேண்டும்.

சீனப் பெருநாள் கணக்கு

"சீனப் பெருநாள் கழிஞ்சா மழை விட்டுடும் வாத்தியாரே" என்று பழைய வெட்டுக்காரர்கள் சொல்லுவார்கள். பல ஆண்டுகளில் இது பலிக்கும். பலிக்காத ஆண்டுகளைச் சொல்கிறேன்.

2011இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 3ஆம் தேதி. அதற்கு முந்திய சில நாட்களில்தான் செகாமட் நகரம் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பும் கூட்டம் சாலையில் இருந்த நேரம் அது. 2023இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 22ஆம் தேதியே வந்துவிட்டது, தைப்பூசமும் பிப்ரவரி 5ஆம் தேதி முடிந்துவிட்டது. எல்லாம் முடிந்து, பருவம் கழிந்ததென்று நாம் நினைத்திருந்தபோது, பிப்ரவரி கடைசி நாட்களில் பிடித்தது மழை. மார்ச் முதல் வாரத்தில் ஜொகூரில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நிவாரண மையங்களில் இருந்தார்கள். செகாமட், குளுவாங், கோத்தா திங்கி, யோங் பெங், பத்து பகாட் எல்லாமே அடிபட்டன. 2025இல் இன்னும் தள்ளி, மார்ச் 19, 20 வாக்கில் ஜொகூர் பாருவிலும் சுற்று மாவட்டங்களிலும் வெள்ளம்.

ஏன் இப்படி? ஸ்டெப்பியில் வெயில் ஏறத் தொடங்கியதும் அந்தக் குளிர்க்குளம் ஒரே நாளில் வற்றிவிடாது. மெலிந்துகொண்டே வரும், இடையிடையே மீண்டும் நிறைந்து ஒரு பாய்ச்சல் பாயும். அந்தக் கடைசிப் பாய்ச்சல் மார்ச்சிலும் வரலாம். பருவக்காற்றுக்குக் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது.

பழையவற்றில் பெரியது 2006-07. டிசம்பர் நடுவில் முதல் வெள்ளம். வடிந்து, வீட்டைக் கழுவி, நனைந்த மெத்தையை வெயிலில் போட்டவர்களுக்கு, பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது இரண்டாவது வெள்ளம் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கோத்தா திங்கிக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லித்தான் வயதைக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பொங்கலுக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எத்தனை எத்தனை!

அதைவிட விந்தையானது 2001 டிசம்பர் 27. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாகாது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் இங்கே மிகக் குறைவு. அன்றைக்கோ வடக்கிலிருந்து வந்த குளிர்காற்றும், போர்னியோவுக்குப் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த காற்றும் சேர்ந்து, வடக்கே ஒன்றரைப் பாகைகூட எட்டாத இடத்தில் வாமெய் என்ற புயல் பிறந்து, நம் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. குனோங் பூலாய் மலைச்சரிவில் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து இறங்கி ஐந்து உயிர்களைக் கொண்டுபோனது.

மழை விட்ட பிறகு வரும் தண்ணீர்

பயணம் போகிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். உங்கள் லயத்தில் வெயில் அடித்தால் சாலை திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். லாபீஸ், பெக்கோக் பக்கத்துக் காடுகளிலும் குன்றுகளிலும் இரவெல்லாம் பெய்தது, யோங் பெங் பக்கம் வந்து சேர நேரம் பிடிக்கும். அங்கிருந்து பத்து பகாட் கரைவரை நிலம் தட்டையானது, பல இடங்களில் கரிமண். கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. 2023இல் பெக்கோக் அணையின் மட்டமும் அபாய அளவைத் தாண்டியது. மழை விட்டு நாட்கள் ஆகியும் பத்து பகாட் வட்டாரத்தில் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றதற்குக் காரணம் இவைதான். மேலே இருப்பவர் வீடு கழுவும் நாளில் கீழே இருப்பவர் சாமான் தூக்குகிறார்.

ஆகவே ஆற்றைப் பாருங்கள், வானத்தை மட்டும் பார்க்காதீர்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறை ஒவ்வோர் ஆற்றின் மட்டத்தையும் இணையத்தில் வெளியிடுகிறது. சாதாரணம், அதற்கு மேல் வாஸ்பாடா, அதற்கு மேல் அமாரான், கடைசியில் பஹாயா. வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கைக்கும் மூன்று படி உண்டு: மஞ்சள் என்றால் வாஸ்பாடா, ஆரஞ்சு என்றால் புரோக், சிவப்பு என்றால் பஹாயா. சீனாவில் காற்று இறங்குவதை அவர்கள் முன்கூட்டியே பார்த்துவிடுவதால், பெரும்பாலும் சில நாட்கள் முன்பே எச்சரிக்கை வந்துவிடும். வீட்டில் கைத்தொலைபேசி தட்டத் தெரிந்த பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். பாட்டுப் பார்க்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்குள் இருக்கும் ஆபத்து நெடுஞ்சாலையில் இருப்பதைவிட வேறு மாதிரியானது. நம் செம்மண் சாலையின் இருபுறமும் செம்பனைக்கு வெட்டிய கால்வாய். தண்ணீர் மூடிவிட்டால் சாலை எது, கால்வாய் எது? பாலத்துக்கு அடியில் போட்ட குழாய் அரித்துப்போயிருந்தால் மேலே பார்க்கும்போது தெரியாது. ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஓரடி இருந்தால் சிறிய காரைத் தூக்கிவிடும். வேலைக்கு நேரமாகிவிட்டது, பெரட்டில் பேர் போய்விடும் என்று மோட்டாரை உள்ளே விடுகிறவர்கள் நம்மில் பலர். ஒரு நாள் பேர் போனால் ஒரு நாள் கூலி. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் வேன்காரர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். அன்றைக்குப் பள்ளி வராத பிள்ளையை எந்த வாத்தியாரும் திட்டமாட்டார்.

மெர்சிங் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரிவரை அங்கே அலை பொல்லாதது. தியோமான் தீவில் பல தங்கும் விடுதிகள் மூடியிருந்து மார்ச்சில்தான் திறக்கும். மெர்சிங் படகுத்துறையில் தண்ணீர் வற்றும் நேரத்தில் படகு புறப்படாது. அதனால் படகு நேரம் நாளுக்கு நாள் மாறும். குடும்பத்தோடு போகிறவர்கள் கிளம்பும் முன் கேட்டுக்கொண்டு போங்கள்.

அங்கே வசந்தம் எப்படி?

சரி, காற்றை அனுப்பிய ஊரில் இப்போது என்ன நடக்கிறது? வசந்தம் என்றதும் சினிமாவில் வருவதுபோல் பூவும் வண்டும் நினைவுக்கு வரும். ஸ்டெப்பியில் ஆடுமாடு மேய்க்கிறவர்களுக்கு ஆண்டில் மிகவும் கடினமான காலம் இந்த வசந்தத் தொடக்கம்தான்.

குளிர்காலம் முழுவதும் பனியைக் கிளறிப் புல் தின்ற ஆடுகள் எலும்பும் தோலுமாக இருக்கும். புதுப்புல் இன்னும் முளைத்திருக்காது. அந்த நேரத்தில் குட்டி போடும். பனி கெட்டியாகிப் புல்லை மூடிவிட்டால் மந்தை மந்தையாகச் சாகும். அந்தப் பேரழிவுக்கு மங்கோலியர்கள் ஸூத் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2023-24 குளிர்காலத்தில் அப்படி எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. நம் கணக்கில் சொன்னால், வேலையும் சேமிப்பும் சேர்ந்து ஒரே இரவில் போவதற்குச் சமம்.

பயணமும் அப்படியே. குளிர்காலத்தில் உறைந்த ஆறும் ஏரியுமே அவர்களுக்குச் சாலை. பைக்கால் ஏரியின் பனிக்கட்டிமேல் காரே ஓட்டுகிறார்கள். வசந்தம் வந்தால் அந்தச் சாலை உருகிவிடும். மண் சாலைகளோ சேறாகிவிடும். சேற்றால் வழி அடைபடும் அந்தப் பருவத்துக்கென்றே ரஷ்யர்களிடம் தனிச்சொல் ஒன்று உண்டு. மலைக் கணவாய்களில் பகலில் உருகி இரவில் உறைந்து, வழுக்குப் பாறையாகிவிடும். இன்னும் தெற்கே கோபியில், பனி விலகிய காய்ந்த தரை, புல் இன்னும் பிடிக்காத மண், பலத்த காற்று மூன்றும் சேர்ந்தால் புழுதிப்புயல்தான். 2021 மார்ச் நடுவில் அடித்த புயலில் மங்கோலியாவில் பத்துப் பேர் இறந்தார்கள். மந்தையைத் தேடிப் போன மேய்ப்பர்கள் பலர் வழிதெரியாமல் சிக்கிக்கொண்டார்கள். அதே புழுதி மார்ச் 15ஆம் தேதி பெய்ஜிங் நகரின் வானத்தையே மஞ்சளாக்கியது.

இலை கொட்டும் காலம்

நமக்கு அவ்வளவு கொடுமை இல்லை. ஆனாலும் மாசி பங்குனி நம் பக்கமும் கையைக் கடிக்கும் மாதங்கள். ஈரம் குறைந்ததும் ரப்பர் மரம் ஆண்டுக்கொருமுறை இலையை உதிர்த்து, செம்பு நிறத்தில் புதுத்தளிர் விடுகிறது. வைத்த சத்தை எல்லாம் தளிருக்கே செலவழிப்பதால் மரத்தில் பால் குறைகிறது. எடை குறைந்தால் கூலி குறையும். சொந்தமாக நாலு ஏக்கர் வைத்திருப்பவர்கள் சிலர் அந்த வாரங்களில் மரத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். வடக்கே கெடாவில் வறட்சி தெளிவாக வருவதால் எல்லா மரமும் ஒன்றாக மொட்டையாகும். ஜொகூரில் மழை முழுவதும் நிற்பதில்லை; ஒரு மலைக்காட்டில் இலை கொட்டும்போது அடுத்ததில் தளிர் விட்டிருக்கும். தளிர் இளசாக இருக்கையில் விடிகாலை ஈரமும் சேர்ந்தால் வெண்பூசணம் பிடித்து மறுபடியும் உதிரும். மழை மாதத்தில் மரம் நனைந்து வெட்டு இல்லை, வெயில் மாதத்தில் இலை இல்லாமல் பால் இல்லை. பழைய தோட்டக் குடும்பங்கள் ஏன் பிப்ரவரியில் கடைக்காரரிடம் கணக்கு எழுதினார்கள் என்பது இப்போது புரிகிறதா?

சில ஆண்டுகளில் வறட்சியே எல்லை மீறும். 2014இல் பக்கத்து சிங்கப்பூரில் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் மழை இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் கரிமண் நிலத்தில் எறிந்த ஒரு சிகரெட் துண்டு, தரைக்கு அடியில் நாட்கணக்கில் புகையும். காய்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த மாதங்களில் மட்டுமாவது வேண்டாம்.

மார்ச் கடைசியில் வடகிழக்குக் காற்று ஓய்ந்துவிடும். தென்மேற்குக் காற்று வர இன்னும் நாள் இருக்கும். காற்றில்லாத அந்த இடைவெளியில் காலையெல்லாம் கொளுத்தி, மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் அதுவே. மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று விநாடி எண்ணுங்கள். இடி கேட்கும்வரை எண்ணியதை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரியும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். குலை வெட்டும் அலுமினியக் கம்பை அந்த நேரத்தில் கையில் வைத்திருக்கவே கூடாது. தனி மரத்தடியும் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு கிளம்புங்கள். என் மாணவர்கள் இந்தக் கணக்கை விளையாட்டுப்போல் போடுகிறார்கள். வகுத்தல் வராத பிள்ளைக்குக்கூட இதில் வந்துவிடுகிறது.

இந்த வானத்தை நம்மைவிட நன்றாகப் படிக்கிறவர்கள் சிலர் உண்டு. பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் தேன் பருந்துகள் சுமத்திராவிலிருந்து நீரிணையைத் தாண்டி, போர்ட்டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவானில் கரையேறுகின்றன. சைபீரியாவுக்கும் ஜப்பானுக்கும் கூடு கட்டப் போகும் கூட்டம் அது. விடிந்ததும் அவசரப்பட்டுக் கிளம்புவதில்லை. வெயில் ஏறி, தரையின் சூடான காற்று மேலே தூக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கடல்மேல் இறங்குகின்றன. நம் சிறு நகரங்களில் மாலையானால் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்து கடைக்காரர்களின் ஐந்தடி நடையை அசுத்தம் செய்யும் தகைவிலான் குருவிகளும் அந்த வடக்குத் திசைக்காரர்கள்தான். ஏப்ரலில் ஒரு நாள் அண்ணாந்து பாருங்கள், கம்பி காலியாக இருக்கும்.